ரூபாய் வெள்ளியாகும் வழி

சிங்கப்பூர்த் தமிழர்கள் ‘டாலர்’ என்று அதிகம் சொல்வதில்லை. அவர்களுக்கு அது ‘வெள்ளி’. சென்ட் என்பது ‘காசு’. “அண்ணே, டீ எவ்வளவு?” என்று கேட்டால் “ஒரு வெள்ளி நாப்பது காசு” என்று பதில் வரும். ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி நாணயங்கள் அந்தத் துறைமுகத்தில் புழங்கிய காலத்துச் சொல் இது. 1867 வரை அங்கே அரசாங்கக் கணக்கு நம்முடைய ரூபாயில்தான் இருந்தது என்பதும், வியாபாரிகள் அதைச் சட்டை செய்யாமல் வெள்ளியிலேயே வியாபாரம் செய்தார்கள் என்பதும் வரலாறு. இன்றைக்கு நிலைமை வேறு. நம் ரூபாயை வெள்ளியாக்கிக்கொண்டு போனால்தான் அங்கே ஒரு டீ குடிக்க முடியும். அப்படி ஆக்கும்போது எங்கே எவ்வளவு சிந்துகிறது, சிந்தாமல் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் நண்பர்களே, இந்தக் கட்டுரை.

‘நமக்கு எதுக்குப்பா இது?’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். டிப்ளமோ முடித்த கையோடு சிங்கப்பூர் விமானம் ஏறுகிறவர்கள் நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். என் அண்ணனும் அப்படிப் போனவன்தான். அங்கே ஒரு கப்பல் பட்டறையில் வேலை. அவனைப் பார்த்துவிட்டு நாலு இடம் சுற்றிவிட்டு வரலாம் என்று சென்ற செமஸ்டர் விடுமுறையில் நானும் அம்மாவும் ஐந்து நாள் பயணமாகத் திருச்சியிலிருந்து கிளம்பினோம். டிக்கெட் அண்ணன் எடுத்தது. கைச்செலவு, அம்மா சீட்டுப் போட்டு எடுத்த நாற்பதாயிரம் ரூபாய். அதில் நூறு ரூபாய் வீணானாலும் அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வராது. அம்மாவுக்கு வராவிட்டால் வீட்டில் யாருக்கும் வராது! ஆகவே கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே நான் இந்த விஷயத்தைத் தேர்வுக்குப் படிப்பதுபோல் படித்தேன்.

முதலில் ஓர் அடிப்படை. லேத்தில் வேலை செய்தவர்களுக்கு ‘பேக்லாஷ்’ பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியை முன்பக்கம் திருப்பிவிட்டுப் பின்பக்கம் திருப்பினால் கொஞ்ச தூரம் கைப்பிடி மட்டும் சுற்றும், டூல் நகராது. ஸ்குருவுக்கும் நட்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி அது. பணமாற்றுக் கடையிலும் இதே இடைவெளிதான். கடைக்காரர் நமக்கு விற்கும் விலை ஒன்று, நம்மிடமிருந்து வாங்கும் விலை இன்னொன்று. உண்மையான விலை, அதாவது வங்கிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் விலை, இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். இணையத்திலும் செய்தித்தாளிலும் நாம் பார்ப்பது இந்த நடு விலையைத்தான். அந்த விலைக்கு எந்தக் கடையிலும் நமக்கு நோட்டு கிடைக்காது. “என்னங்க, போன்ல எழுபதுனு காட்டுது, நீங்க எழுபத்திரண்டு சொல்றீங்க?” என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை.

கணக்குக்கு எளிதாக நடு விலை ஒரு வெள்ளிக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடை விற்பது 72, வாங்குவது 67. நாம் 400 வெள்ளி வாங்கினால் 28,800 ரூபாய் ஆகிறது. நடு விலையில் 28,000தான். ஆக 800 ரூபாய் கடைக்குக் கூலி. அங்கே 300 செலவழித்துவிட்டு மீதி 100 வெள்ளியைத் திரும்பக் கொண்டுவந்து அதே கடையில் நீட்டுகிறோம். கையில் வருவது 6,700. அந்த நூறு வெள்ளியை வாங்கக் கொடுத்தது 7,200. ஒரு பைசாவுக்கும் பொருள் வாங்காமல், நோட்டை விமானத்தில் ஏற்றி இறக்கியதற்கு மட்டும் 500 ரூபாய்! கைப்பிடியைத் திருப்பித் திருப்பி ஆட்டினால் டூல் நகராது, கைதான் வலிக்கும். எத்தனை தடவை மாற்றுகிறோமோ அத்தனை தடவை இழப்பு. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தேவைக்கு மேல் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு நட்டம் வருவது இந்தத் திரும்பும் வழியில்தான்.

அடுத்தது ‘கமிஷன் இல்லை’ என்ற பலகை. நான் திருச்சியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் இந்தப் பலகை பெரிதாகத் தொங்கியது. விலை, முழு எண்ணாக்கிச் சொன்னால், 73 ரூபாய் 50 காசு. அடுத்த கடையில் 71 ரூபாய் 80 காசு. ஆனால் தனியாக 150 ரூபாய் கட்டணம். எது மலிவு? நம் கணக்கு ஆசிரியர் முதல் செமஸ்டரில் போட்ட அதே நேர்கோட்டுச் சமன்பாடுதான்: ஒய் = எம் எக்ஸ் + சி. விலைதான் சாய்வு, கட்டணம்தான் மாறிலி. 50 வெள்ளி வாங்கினால் முதல் கடையில் 3,675. இரண்டாவது கடையில் 3,590-உம் 150-உம் சேர்த்து 3,740. முதல் கடை மலிவு. 150 வெள்ளி வாங்கினால் முதல் கடையில் 11,025. இரண்டாவது கடையில் 10,770-உம் 150-உம் சேர்த்து 10,920. இப்போது இரண்டாவது கடை மலிவு! இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்வது சுமார் 88 வெள்ளியில். அதற்குக் கீழே ஒரு கடை, மேலே இன்னொரு கடை. மூன்றாவது கடைக்காரர் விலையைக் கடைசிவரை வாய் திறந்து சொல்லவே இல்லை. “உட்காருங்க, டீ சாப்பிடுங்க, எவ்வளவு வேணும்?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

இதற்கு மேல் ஜி.எஸ்.டி. உண்டு. மாற்றும் தொகை முழுவதற்கும் 18 சதவீதம் என்று பயந்துவிட வேண்டாம். ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால், தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பு என்று வைத்துக்கொண்டு, அந்த மதிப்புக்குத்தான் 18 சதவீதம். அந்த மதிப்பு 250 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பதால் குறைந்தபட்ச வரி 45 ரூபாய். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ‘விலை என்ன?’ என்பதல்ல. “எல்லாம் போக, 150 வெள்ளிக்கு நான் மொத்தம் எவ்வளவு தரணும்?” என்பதுதான். அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு கடைகளை ஒப்பிட்டால் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் நமக்குக் கவலையில்லை.

கடைக்காரர்களைத் திருடர்கள் என்று சொல்ல வரவில்லை. நோட்டை வரவழைக்க வேண்டும், பாதுகாக்க வேண்டும், விலை இறங்கினால் நட்டத்தைத் தாங்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும். அதிகம் புழங்கும் நாணயத்துக்கு இடைவெளி குறைவாகவும் அபூர்வ நாணயத்துக்கு அதிகமாகவும் இருப்பதன் காரணம் இதுதான். விமான நிலையக் கவுண்டரில் வாடகையும் அதிகம். செக்-இன் முடித்து உள்ளே போய்விட்ட வாடிக்கையாளருக்கு வேறு கடையும் கிடையாது. ஆகவே அங்கே பொதுவாக விலை கூடத்தான் இருக்கும். இட்லி விலையைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே!

சரி, அப்படியானால் எவ்வளவு கையில் கொண்டுபோவது? இங்கேதான் அண்ணன் போனில் சொன்னது உதவியது. “டேய், எல்லாத்தையும் அங்கயே மாத்திட்டு வந்துடாத. மொத நாளைக்கு வேண்டியது மட்டும் கையில இருந்தா போதும்” என்றான். முதல் நாளைக்கு என்னென்ன வேண்டும் என்று தாளில் எழுதிப் பார்த்தோம். அண்ணனுக்கு ஷிப்ட் இருந்தால் நாங்களே தங்குமிடம் போய்ச் சேர வேண்டும். அதிகாலை ஐந்தரைக்கு முன் சாங்கி விமான நிலையத்திலிருந்து எம்.ஆர்.டி. ரயில் கிடையாது, விமானம் முன்பின்னாக வந்தால் டாக்சிதான். ரயிலில் முன்பு விற்ற ஒற்றைப் பயணச் சீட்டு 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது மதிப்பு ஏற்றிய பயண அட்டை வேண்டும், அல்லது தொட்டவுடன் வேலை செய்யும் வங்கி அட்டை வேண்டும். பஸ்ஸில் காசு போடலாம், ஆனால் சரியான சில்லறை போட வேண்டும், மீதி தரமாட்டார்கள். இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு சிம் கார்டு. எல்லாம் கூட்டி, கொஞ்சம் தாராளமாக, இரண்டு பேருக்கு 150 வெள்ளி என்று முடிவு செய்தோம். அதிலும் நூறு வெள்ளி ஒற்றை நோட்டாக வாங்கவில்லை. பத்து, ஐந்து, இரண்டு என்று கேட்டு வாங்கினோம். நூறு வெள்ளியை நீட்டி ஒரு டீ கேட்டால் அங்கேயும் கடைக்காரர் நம்மூர்க் கடைக்காரர் மாதிரிதான் பார்ப்பார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1970களில் இந்தியாவிலிருந்து சுற்றுலா போகிறவருக்கு 8 அமெரிக்க டாலர்தான் கிடைக்கும் என்ற காலம் ஒன்று இருந்தது. 1973-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தில் அனுமதியில்லாமல் டாலர் மாற்றுவது குற்றம், சிறைக்கே போகலாம். ‘குருவி’ என்ற சொல் நம் மாவட்டங்களில் பரவியது அந்தக் காலத்துக் கெடுபிடியில்தான். 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருப்பது 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். இதில் சுற்றுலாப் பயணி ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாகவே வாங்கலாம் (சில நாடுகளுக்கு வேறு வரம்பு). வங்கியிலோ, ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பணமாற்றுக் கடையிலோதான் வாங்க வேண்டும். பயணத்துக்கு 60 நாள் முன்பிலிருந்து வாங்கலாம். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு கொண்டுபோக வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது. வங்கிக் கணக்கிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

“எதுக்கு இவ்வளவு தொல்லை? நம்ம தெருவுல லீவுக்கு வந்தவர்கிட்ட வாங்கிக்கலாமே, நல்ல விலைக்குத் தருவார்” என்று ஒரு யோசனை எங்கள் வீட்டிலும் வந்தது. உரிமம் இல்லாதவரிடம் ரூபாய் கொடுத்து வெளிநாட்டு நோட்டு வாங்குவது இன்றும் சட்ட மீறல்தான். சிறைக்குப் பதில் அபராதம். அது சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்கு வரை போகலாம். ஆனால் வெளிநாட்டில் குடியிருக்கும் அண்ணன் விடுமுறைக்கு வந்து, ‘வச்சுக்கடா’ என்று பரிசாகக் கொடுத்துவிட்டுப் போன நோட்டை 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வைத்திருக்கச் சட்டமே இடம் தருகிறது. பரிசு வேறு, வியாபாரம் வேறு.

150 வெள்ளிக்கு ஏறக்குறைய 11,000 ரூபாய் போயிற்று. மீதி 29,000. அதில் 20,000 ரூபாயை நோட்டாகவே எடுத்துக்கொண்டோம். 9,000 வங்கியில் அவசரத்துக்கு. இந்திய ரூபாயை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்டார்கள். நேபாளம், பூட்டானுக்குத் தனி விதி. மற்ற நாடுகளுக்கு ஒருவர் 25,000 ரூபாய் வரை கொண்டுபோகலாம். ஆனால் போகிற நாட்டில் அதை வாங்க ஆள் வேண்டுமே! சிங்கப்பூரில் இருக்கிறார்கள். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டி, பணமாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களில் நம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் நிறையப் பேர். நம் ரூபாய் அங்கே அன்றாடம் புழங்கும் சரக்கு. இங்கிருந்து போகிறவர் கொடுப்பார், ஊருக்குத் திரும்புகிறவர் வாங்குவார். இரண்டு பக்கமும் ஆள் இருப்பதால் இடைவெளி குறைகிறது.

அங்கே பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும். ‘வீ பை’, ‘வீ செல்’ என்று இரண்டு பத்தி இருக்கும். ‘வீ’ என்பது கடைக்காரர், நாமல்ல. நாம் ரூபாயைக் கொடுக்கிறோம், அவர் வாங்குகிறார். ஆகவே ‘வீ பை’. குழப்பமாக இருந்தால் ஒரு குறுக்கு வழி: இரண்டில் எது நமக்கு நட்டமோ, அதுதான் நம் விலை! ரூபாயின் விலையை நூறுக்கு இத்தனை வெள்ளி என்று போட்டிருந்தார்கள். நடு விலை 70 என்றால் நூறு ரூபாய் 1.43 வெள்ளி. கடையில் 1.41 கிடைத்தால் 20,000 ரூபாய்க்கு 282 வெள்ளி. அதே 20,000-ஐத் திருச்சியில் அந்த இரண்டாவது கடையில் கொடுத்திருந்தால், கட்டணம் 150, வரி 45 போக, சுமார் 276 வெள்ளி. ஆறு வெள்ளி வித்தியாசம். தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடையில் அதற்கு ஒருவர் பசியாறிவிடலாம். அதைவிடப் பெரிய லாபம், 20,000-ஐயும் ஒரே நாளில் மாற்றாமல் இரண்டு தடவையாக மாற்றியது. இரண்டாம் தடவை போகும்போது இனி எவ்வளவு செலவு ஆகும் என்று தெரிந்துவிட்டது. 12,000 மட்டும் போதுமென்று மாற்றினோம். மீதி ரூபாய் ரூபாயாகவே திரும்பி வந்தது.

ரூபாய் நோட்டில் ஓர் எச்சரிக்கை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, வெளிநாட்டில் அலமாரியில் அவற்றை வைத்திருந்த நம்மவர்கள் நாடு திரும்பி, 2017 ஜூன் 30-க்குள் ரிசர்வ் வங்கியின் குறிப்பிட்ட சில அலுவலகங்களில்தான் மாற்ற வேண்டியிருந்தது. சில ஆயிரம் ரூபாய்க்காக யார் விமானம் ஏறுவார்கள்? அதேபோல் 2,000 ரூபாய் நோட்டு 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பீரோவில் பழைய நோட்டு கிடக்கிறதென்று எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ‘அடுத்த தடவைக்கு ஆகும்’ என்று அண்ணனிடம் ரூபாயை விட்டுவிட்டும் வராதீர்கள்.

இனி அட்டை. 2020-க்குப் பிறகு வழங்கப்படும் டெபிட் கார்டுகள் முதலில் இந்தியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டு உபயோகத்தை நாமே வங்கியின் செயலியில் திறந்துவிட வேண்டும். இதை இங்கேயே செய்துவிட்டுப் போக வேண்டும். அங்கே போய் ஓ.டி.பி. வராமல் நிற்கக் கூடாது. ஏ.டி.எம்.மில் எடுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நிலையான கட்டணமும், விலையில் சில சதவீதம் கூடுதலும் உண்டு. வங்கிக்கு வங்கி மாறும். மறுபடியும் அதே நேர்கோடுதான்: சிறு தொகையாகப் பல தடவை எடுத்தால் மாறிலி நம்மைத் தின்றுவிடும்.

கடையில் அட்டையை நீட்டும்போது வரும் ஒரு கேள்வியை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஒரு செருப்பு வாங்கினோம். இயந்திரத்தின் திரையில் இரண்டு தொகை வந்தது: ஒன்று சிங்கப்பூர் வெள்ளியில், இன்னொன்று இந்திய ரூபாயில். ‘எதில் கட்டுகிறீர்கள்?’ என்று கேட்டது. “நம்ம ரூபாயிலேயே போடச் சொல்லுடா, கணக்கு தெரியும்ல” என்றார் அம்மா. நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விலையை நிர்ணயிப்பது நம் வங்கியல்ல, அந்த இயந்திரத்தின் பின்னால் இருக்கும் நிறுவனம். அது தன் லாபத்தையும் சேர்த்துத்தான் விலை வைக்கும். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டு நாணயத்தையே அழுத்துங்கள். ஏ.டி.எம்.மிலும் இந்தக் கேள்வி வரலாம். பதில் அதேதான்.

“யு.பி.ஐ. இருக்கே, அதை ஏன் சொல்லல?” என்று கேட்பீர்கள். 2023 பிப்ரவரி 21-இல் நம் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பே-நௌவும் இணைக்கப்பட்டன. குறிப்பிட்ட வங்கிகளில் கணக்கு உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பலாம். அண்ணன் வீட்டுக்கு அனுப்ப நல்ல வழி. சில கடைகளிலும் யு.பி.ஐ. செல்லும். ஆனால் இரண்டு வெள்ளிக்குப் பழச்சாறு விற்கும் அக்காவிடம் போனை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்!

சிங்கப்பூருக்குப் பொருந்துவது எல்லா ஊருக்கும் பொருந்தாது. நம் ரூபாய் எளிதில் மாறாத நாடாக இருந்தால், இங்கேயே அமெரிக்க டாலராக வாங்கிப்போய் அங்கே மாற்றுவது வழக்கம். அதில் இடைவெளி இரண்டு தடவை விழும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். டாலர் நோட்டில் கிறுக்கலோ கிழிசலோ இருந்தால் மறுத்துவிடுவார்கள். இலங்கை ரூபாயை உள்ளே கொண்டுபோக வரம்பு இருப்பதால், இங்கே தேடி அலையாமல் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் வங்கிக் கவுண்டரில் மாற்றிக்கொள்வதே நல்லது. புரூணை போகிறவர்களுக்கு மட்டும் அதிர்ஷ்டம்: 1967-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் வெள்ளியும் புரூணை வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. பேக்லாஷே இல்லாத ஒரே லேத்!

திரும்பி வந்தபின் மீதி வெளிநாட்டு நோட்டை 180 நாட்களுக்குள் வங்கியிலோ உரிமக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் வாங்கியதற்கான ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திரும்ப மாற்றும்போது கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். சில்லறைக் காசுக்கு வரம்பே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ஏனென்றால் அதை எந்தக் கடையும் வாங்காது! சிங்கப்பூர் நாணயத்தில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளி நாணயம் ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டார். மற்ற சில்லறையை எல்லாம் கடைசி நாள் அண்ணன் கையில் கொட்டிவிட்டு விமானம் ஏறினோம்.